மூன்று கார்களும் அம்மாவின் தாம்பாளமும்

ஜூலை 1, செவ்வாய்.

தவறு ஏதாவது செய்திருந்தால் அதை முதல் வரியிலேயே எழுதிவிடு, பிறகு பேனா தானாக ஓடும் என்று மாலை வகுப்பில் மிஸ் சொல்லியிருக்கிறார். எழுதிவிடுகிறேன். ஓட்டிப் பார்த்து ஒன்றைத் தேர்ந்தெடுக்க மூன்று கார்களையும் இன்றைக்கு வரச் சொன்னது நான்தான். இன்றைக்குச் சிதம்பரத்தில் ஆனித் தேர்.

தேர் எனக்குத் தெரியாமல் இல்லை. நாளைக்கு நடக்கும் தரிசனத்தின் தேதியைத் தேரின் தேதி என்று மனத்தில் வைத்துக்கொண்டேன். ஒரு நாள் பிசகு. நேற்று அம்மா பட்டுப்புடவையைத் தாம்பாளத்தில் எடுத்து வைத்தபோதுதான் எனக்கு உறைத்தது. அதற்குள் புதுச்சேரி ஷோரூமிலிருந்து வண்டிகள் கிளம்ப ஏற்பாடாகிவிட்டது. எல்லாவற்றையும் இரண்டு முறை சரிபார்க்கிறவள் என்று வீட்டில் எனக்குப் பெயர். அந்தப் பெயர் எனக்கு எப்படி வந்தது என்று இப்போது தெரியவில்லை.

கார் வாங்கும் பேச்சு எங்கள் வீட்டில் சித்திரையில் ஆரம்பித்தது. அப்பா பஞ்சநாதன், படகிலிருந்து இறங்கி கடலூர் முதுநகரில் ஐஸ் கம்பெனி வைத்தவர். எதையும் சின்னதாக வாங்கத் தெரியாது. "வாங்குனா ஊரு நின்னு பாக்குற வண்டி வாங்கணும்" என்றார். அவருக்குப் பெட்ரோல் வண்டி. இன்ஜின் சத்தம் கேட்காவிட்டால் அது வண்டியே இல்லை. அண்ணன் சிலம்பரசனுக்கு ஹைபிரிட். வாரம் ஒருமுறை சென்னைக்கும் நாகப்பட்டினத்துக்கும் ஓடுகிறவன், வழியில் சார்ஜ் தீர்ந்து நிற்க அவனுக்கு மனசில்லை. நான் மூன்றையும் பற்றிப் படித்துவிட்டு எலெக்ட்ரிக் என்றேன். ஐஸ் கம்பெனியில் மும்முனை கரண்ட் இருக்கிறது, வண்டியை அங்கேயே நிறுத்திச் சார்ஜ் போடலாம் என்பது என் கணக்கு. ஆனால் எனக்குக் கார் ஓட்டத் தெரியாது. ஓட்டத் தெரியாதவள் சொல்லும் யோசனைக்கு என்ன மதிப்பு என்று நினைத்து, இரண்டாவது முறை அதைச் சொல்லவில்லை.

அம்மாவை யாரும் கேட்கவில்லை. கேட்கத் தேவையில்லை என்று எல்லோரும் நினைத்தோம். அம்மாவுக்குக் கார் ஆகாது. கடலில் எந்த ஆட்டத்திலும் அசையாத குணசுந்தரி, கார்க் கதவு மூடியதும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொள்வாள். கல்யாண ஆல்பத்தில் கார் படத்தில் மட்டும் அம்மாவின் முகம் இல்லை. ஜன்னலுக்கு வெளியே ஒரு கொண்டைதான் தெரியும்.

காலையில் மூன்றும் ஒன்றன்பின் ஒன்றாகத் தெருவுக்குள் வந்தன.

நான் படத்தில் பார்த்துப் பார்த்து மனப்பாடம் செய்த வண்டிகள்தான். இருந்தும் கையில் இருந்த பால் சொம்பைக் கீழே வைக்க மறந்துபோனேன். முதலில் கறுப்பு நிறப் பெட்ரோல் வண்டி. அதன் உறுமல் தெருமுனையிலேயே கேட்டது. பின்னால் சாம்பல் நிற ஹைபிரிட். மூன்றாவது வெள்ளை. அது வந்த சத்தமே இல்லை. வலை காய்ந்துகொண்டிருந்த கம்பத்துக்குப் பக்கத்தில் திடீரென்று இருந்தது. அதன் கண்ணாடிக் கூரையில் எங்கள் தெருவின் மொத்த வானமும் கிடந்தது. ஒரு காக்கை பறந்தது அதில் முழுசாகத் தெரிந்தது.

"இன்னா பஞ்சு, மினிஸ்டர் யாராச்சும் வராரா?" என்று எதிர்வீட்டுச் சுப்பராயலு மாமா கேட்டார்.

"நாந்தான் மாமா மினிஸ்டரு. ஓரமா நில்லு, கண்ணாடியில கை வைக்காத."

ஷோரூம் பையன் இளவரசு கழுத்துப்பட்டையோடு இறங்கினான். என் வயதுதான் இருக்கும். கையுறை போட்ட மூன்று டிரைவர்கள் மூன்று கதவுகளையும் ஒரே நேரத்தில் திறந்தார்கள். உள்ளே புதுத் தோல் வாசனை. இருக்கை தானாகப் பின்னால் நகர்ந்து வழிவிட்டது. அதைப் பார்த்துப் பிள்ளைகள் "மறுபடி, மறுபடி" என்று கத்தினார்கள்.

நான் அப்பாவிடம் தேதியைப் பற்றிச் சொன்னேன். திட்டுவார் என்று நினைத்தேன். அவர் ஒரு நிமிடம் வண்டிகளைப் பார்த்தார், பிறகு சிரித்தார்.

"நீ சரியாத்தான் பண்ணியிருக்க. மூணையும் சிதம்பரத்துக்கே ஓட்டிப் பாத்துடுவோம். உங்கம்மா சீர் எடுத்துக்கினு கார்லயே வரட்டும்."

இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். தில்லை அம்பாளைக் கடலோரத்தில் நாங்கள் எங்கள் வீட்டுப் பெண்ணாக நினைக்கிறவர்கள். நடராசர் மாப்பிள்ளை. தேர் மேலவீதி முனைக்கு வரும்போது பெண்ணுக்குப் பிறந்தவீட்டுச் சீராகப் பட்டும் படையலும் போகும். எங்கள் தெருவின் சார்பில் பட்டுப்புடவையை எடுத்துக்கொடுக்கும் முறை இந்த வருடம் எங்கள் வீட்டுக்கு வந்திருந்தது. அம்மா நேற்றிலிருந்து விரதம்.

"நான் ரயில்ல போறேன்" என்றாள் அம்மா. பூ வைத்துத் தயாராக நின்றாள். தாம்பாளத்தில் அரக்குப் பட்டு, அதன்மேல் வெற்றிலை, பூச்சரம்.

"முறை வந்த வருஷம் நம்ம கார்ல கூட்டிக்கினு போறேன்னு உங்கிட்ட எப்ப சொன்னன்? ஞாபகம் இருக்கா?"

"இருக்குது. நான் அப்பவே வேணாம்னேன், அது உனக்கு ஞாபகம் இருக்கா?"

"இது அந்தக் காலத்து வண்டி இல்ல குணா. ஆட்டமே தெரியாது."

"வழியில வாந்தி எடுத்தன்னா அந்தக் கையால பட்டத் தொடமாட்டேன். சொல்லிட்டேன். அப்புறம் புஷ்பவள்ளிதான் குடுக்கணும்."

சுப்பராயலு மாமாவின் மனைவி புஷ்பவள்ளி அத்தை வாசலிலேயே நின்றிருந்தார். "ஐயோ, எனக்கெதுக்கு அந்தப் பெருமை?" என்றார். பட்டுச்சேலை கட்டிக்கொண்டுதான் அதைச் சொன்னார்.

இந்தப் பேச்சு முடிவதற்குள் ஸ்டேஷன் பக்கமிருந்து ஹாரன் கேட்டது. ரயில் கிளம்பிவிட்டது. அடுத்ததற்குக் காத்திருந்தால் தேர் முனையைத் தாண்டிவிடும். அம்மா புஷ்பவள்ளி அத்தையைக் கறுப்பு வண்டியின் முன்சீட்டில் ஏறச் சொன்னாள். தான் என்னோடு பின்னால் ஏறினாள். தாம்பாளத்தை மடியில் வைத்துக்கொண்டாள். அப்பா ஓட்டினார்.

பெட்ரோல் வண்டி அழகாகத்தான் போனது. அப்பா மிதித்தபோது அது முதுகில் கை வைத்துத் தள்ளியது. எனக்கே சிரிப்பு வந்தது. அவ்வளவு பெரிய சக்தி ஒரு மனிதரின் பாதத்துக்குக் கீழே இருக்கிறது என்பதை நம்ப முடியவில்லை. ஆனால் காரைக்காடு வருவதற்குள் அம்மாவின் மேல் உதட்டில் வியர்வை பூத்துவிட்டது. "இந்த வாசன" என்றாள்.

ஹைபிரிட்டுக்கு மாறினோம். அண்ணன் ஓட்டினான். கொஞ்ச தூரம் மின்சாரத்தில் சத்தமில்லாமல் ஓடும், பிறகு இன்ஜின் சேர்ந்துகொள்ளும், மறுபடி அடங்கும். எப்போது எது என்று திரையில் சின்ன அம்புகள் ஓடின. நான் அந்த அம்புகளையே பார்த்துக்கொண்டிருந்தேன். எவ்வளவு புத்திசாலித்தனம்! அம்மா கண்ணை மூடியிருந்தாள்.

"யம்மா, எப்டி இருக்கு?" அண்ணன் கண்ணாடியில் பார்த்துக் கேட்டான்.

"தூங்கிட்ட ஆளு நடுவுல நடுவுல எழுந்து உக்கார்ற மாதிரி இருக்குது. எப்ப எழுந்துக்குவான்னு தெரியல. அதுதான் வயித்தப் பெரட்டுது."

மீதி இருந்தது வெள்ளை வண்டி. என் வண்டி. இதில் அம்மாவுக்கு ஒன்றும் ஆகாது என்று உள்ளுக்குள் ஒரு உறுதி எனக்கு. சத்தம் இல்லை, புகை இல்லை, குலுக்கல் இல்லை. ஷோரூம் டிரைவர் ஓட்ட, இளவரசு பக்கத்தில் உட்கார்ந்து விளக்கம் சொல்லிக்கொண்டே வந்தான். கண்ணாடிக் கூரை வழியாகப் புளியமரங்கள் தலைக்குமேல் ஓடின. நீருக்கு அடியில் படுத்துக்கொண்டு மேலே பார்ப்பது போல் இருந்தது.

ஆனால் அதுதான் எல்லாவற்றிலும் மோசம். ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்தாலே வண்டி தானாகப் பிடித்து நிறுத்துகிறது. அப்போது பேட்டரிக்குள் சார்ஜ் ஏறுமாம். இதை நான் படித்திருக்கிறேன், நல்ல அம்சம் என்றுகூட வீட்டில் சொல்லியிருக்கிறேன். வயிற்றுக்கு அது எப்படி இருக்கும் என்று யோசிக்கவே இல்லை. லாரிக்குப் பின்னால் நின்று நின்று போனபோது அம்மாவின் தலை முன்னும் பின்னும் போய் வந்தது.

ஆலப்பாக்கம் தாண்டியதும் அம்மா என் கையைப் பிடித்தாள். விரல்கள் ஜில்லென்று இருந்தன.

"நிறுத்தச் சொல்லுடி."

மூன்று வண்டிகளும் ஓரம் கட்டின. அம்மா தாம்பாளத்தை என்னிடம் கொடுத்துவிட்டு இறங்கி, வேலமரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள். வாந்தி எடுக்கவில்லை. ஆனால் எடுத்துவிடுவாள் என்று எல்லோருக்கும் தெரிந்தது. புஷ்பவள்ளி அத்தை முந்தானையைச் சரிசெய்துகொண்டார்.

"குணா, இங்கியே உக்காந்துக்க, திரும்பி வர்றப்ப ஏத்திக்கிறோம். தட்ட நான் பாத்துக்கிறேன். அம்பா யார் குடுத்தாலும் வாங்கிக்குவா."

அம்மாவின் கண்ணில் தண்ணீர் நின்றது. குமட்டலினால் வந்ததா, வேறு எதனாலா என்று எனக்குத் தெரியவில்லை. என் தேதி சரியாக இருந்திருந்தால் அம்மா இந்நேரம் ரயிலில் ஜன்னலோரம் இருந்திருப்பாள். அதை நினைத்துத் தாம்பாளத்தை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

அப்பா மரத்தடிக்கு நடந்தார். தோற்றுப்போன முகம். அவரை நான் அப்படிப் பார்த்ததில்லை.

"மன்னிச்சுக்கடி. பஸ்ஸு ஏதாச்சும் வருதா பாக்குறேன்."

"பஸ்ஸுலயும் இதேதான்." அம்மா மூச்சை இழுத்தாள். "கடல்ல ஏன் ஆவல எனக்கு? அந்த ஆட்டம் ஆடுது, ஒண்ணும் ஆவல. இதுல கல்லு மாதிரி உக்காந்திருக்கேன், உசுரு போவுது."

அப்பா சாலையைப் பார்த்தார். அங்கே ஒரு வேகத்தடை இருந்தது. லாரி ஒன்று அதில் ஏறி இறங்கியது.

"கடல்ல நான் சொல்லுவேன்ல" என்றார்.

எங்கள் ஊரில் படகு முகத்துவாரத்தைத் தாண்டும்போது ஒருவர் முன்னால் நிற்பார். பின்னால் இன்ஜினைப் பிடித்திருப்பவனுக்கு அலை சரியாகத் தெரியாது. முன்னால் நிற்பவர்தான் பார்த்துப் பார்த்துச் சொல்வார். இப்போது வருகிறது, இரு, இப்போது விடு. அந்தக் குரல் கேட்டதும் படகில் இருக்கிற எல்லோருடைய உடம்பும் தானாகத் தயாராகிவிடும். கல்யாணமான புதிதில் அப்பா அம்மாவையும் படகில் அழைத்துப்போனதுண்டு. இது எங்கள் எல்லோருக்கும் தெரிந்ததுதான். காருக்குள் யாருக்கும் ஞாபகம் வரவில்லை.

"தம்பி, எறங்கு" என்று இளவரசுவை முன்சீட்டிலிருந்து இறக்கினார் அப்பா. "சிலம்பு, நீ ஓட்டு. இந்த வெள்ளை வண்டிய."

"ப்பா, இதுலதான் அம்மாவுக்கு ஜாஸ்தி ஆச்சி."

"தெரியும். ஓட்டு."

இளவரசு திரையில் எதையோ தொட்டு, தானாகப் பிடிக்கும் அந்த வேலையைக் குறைத்து வைத்தான். "இது ஓரளவுக்குத்தான் சார் குறையும்" என்றான். நல்ல பையன், பொய் சொல்லவில்லை. பிறகு பின்னால் கறுப்பு வண்டிக்குப் போய்விட்டான்.

வண்டி நகர்ந்தது. அப்பா முன்கண்ணாடியை ஒட்டிக் குனிந்து உட்கார்ந்தார்.

"முன்னாடி மேடு. ஏறுது... எறங்குது. இடப்பக்கம் வளையுது. லாரி ஒண்ணு, பிரேக்கு புடிப்பான், புடிக்கிறான், வுட்டான். இப்ப நேரா. நேராத்தான் போவுது. நல்ல ரோடு. ஆடு வருது, மெதுவா போவான்."

"ஆடு எங்கப்பா?" என்றான் அண்ணன்.

"நீ ரோட்டப் பாரு, ஆட்ட நான் பாத்துக்கிறேன்."

முதலில் எனக்குச் சிரிப்பாக இருந்தது. பிறகு அம்மாவைப் பார்த்தேன். கண்ணைத் திறந்திருந்தாள். அப்பா 'வளையுது' என்றதும் அவள் தோள் வளைவுக்கு முன்பே லேசாகச் சாய்ந்தது. 'பிரேக்கு' என்றதும் பாதம் ஊன்றிக்கொண்டது. உடம்புக்கு எல்லாம் ஞாபகம் இருந்தது.

புதுச்சத்திரம் போயிற்று. அம்மா தாம்பாளத்தைக் கேட்டு வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள். வெள்ளாற்றுப் பாலத்தில் ஏறும்போது அப்பாவின் குரல் தாழ்ந்திருந்தது. படகில் அவர் கத்தித்தான் சொல்வார். இன்ஜின் சத்தத்தில் வேறு வழியில்லை. இங்கே பக்கத்தில் உட்கார்ந்து கதை சொல்வதுபோல் சொல்லிக்கொண்டு வந்தார். அதை அவரே கவனித்திருக்க வேண்டும். நடுவில் நிறுத்தி, "இதுல கத்த வேணாம் போலிருக்கே" என்றார், யாரிடமும் இல்லாமல்.

"நிறுத்தாத" என்றாள் அம்மா. "சொல்லு."

சிதம்பரம் எல்லையில் போலீஸ் தடுப்பு. வண்டிகளை அங்கேயே விட்டுவிட்டு, மூன்று டிரைவர்களுக்கும் மோர் வாங்கிக் கொடுத்துவிட்டு நடந்தோம். அம்மா எல்லோருக்கும் முன்னால் நடந்தாள். நான் ஓடித்தான் பிடிக்க வேண்டியிருந்தது.

மேலவீதியில் தேரைப் பார்த்தபோது என்ன தோன்றியது என்று எழுத முயற்சி செய்கிறேன். வராது என்று தெரிகிறது. வீதி முழுக்கத் தலைகள். அவற்றுக்குமேல் ஒரு கோபுரம் நகர்ந்து வந்தது. வடத்தைப் பிடித்திருந்தவர்களில் பாதிப்பேருக்குத் தேர் தெரியாது, அவர்கள் கண்ணுக்கு முன்னால் இருப்பவரின் முதுகுதான் தெரியும். ஆனாலும் இழுக்கிறார்கள். சக்கரத்தடியில் கட்டை போடுகிறவர்களுக்குக் குரல் போகிறது, கட்டை விழுகிறது, அத்தனை பெரிய மரமலை ஒரு முனகலோடு நிற்கிறது. மறுபடி குரல். மறுபடி நகர்கிறது. காலையிலிருந்து மூன்று வண்டிகளின் சக்தியைப் பார்த்து வாய் பிளந்தவள் நான். இங்கே எந்த இன்ஜினும் இல்லை. பக்கத்தில் இளவரசு கழுத்துப்பட்டையைக் கழற்றிப் பையில் திணித்துவிட்டு, கையைத் தலைக்குமேல் குவித்து நின்றான்.

முனையில் தேர் நின்றது. பட்டு கேட்டார்கள். அம்மா தாம்பாளத்தை இரண்டு கையாலும் உயர்த்தினாள். மேலே நின்றவர் குனிந்து வாங்கிக்கொண்டார். அம்மா, பெண்ணைப் புகுந்தவீட்டில் பார்த்த முகத்தோடு அண்ணாந்து நின்றாள். "நல்லாருடி" என்று மெல்லச் சொன்னது எனக்கு மட்டும் கேட்டது. புஷ்பவள்ளி அத்தை அம்மாவின் தோளைப் பிடித்துக்கொண்டு அழுதார். அதில் பொய் இல்லை என்றுதான் நினைக்கிறேன்.

திரும்பி வந்தபோது வெள்ளை வண்டி நிழலில் நின்றது. அப்பாவும் அண்ணனும் இளவரசுவோடு பெட்ரோலா எலெக்ட்ரிக்கா என்று மறுபடி ஆரம்பித்துவிட்டார்கள்.

"வண்டி நல்லாத்தான் இருக்குது தம்பி. ஆனா சத்தமே இல்லாம தெருவுல போனா, பஞ்சநாதன் போறான்னு எவனுக்குத் தெரியும்?"

"ஹாரன் அடிங்கப்பா" என்றான் அண்ணன். "இல்லன்னா ஹைபிரிட் எடுங்க, பாதிப் பேருக்குத் தெரியும்."

அம்மா முன்கதவைத் திறந்து ஸ்டீயரிங்குக்குப் பின்னால் உட்கார்ந்தாள். இருக்கை தானாக நகர்ந்து அவளுக்கு இடம் கொடுத்தது. இரண்டு கைகளையும் ஸ்டீயரிங் மேல் வைத்தாள். நேராக முன்னால் பார்த்தாள். வண்டி அணைந்துதான் இருந்தது, ஆனால் அவள் முகம் அப்படி இல்லை.

"தம்பி" என்று இளவரசுவைக் கூப்பிட்டாள். "ஓட்டுறவங்களுக்கு இந்தக் கொமட்டல் வருமா?"

"பெரும்பாலும் வராது மேடம். அடுத்தது என்ன வரப்போவுதுன்னு ஓட்டுறவங்களுக்குத்தான் முதல்ல தெரியும்ல."

அம்மா இறங்கிப் பின்னால் வந்து உட்கார்ந்தாள். வழியெல்லாம் அப்பா மேடும் வளைவும் சொல்லிக்கொண்டே வந்தார். ஒரு இடத்தில், அவர் சொல்வதற்கு முன்னால், அம்மாவின் உதடு 'வளையுது' என்று அசைந்ததைப் பார்த்தேன்.

வெள்ளிக்கிழமை முடிவு சொல்வதாக அப்பா இளவரசுவை அனுப்பிவைத்தார். கைகொடுக்கும்போது அவர் கண் கறுப்பு வண்டி மேலேதான் இருந்தது.

விளக்கேற்றியதும் அம்மா நான் எழுதும் மேசைக்குப் பக்கத்தில் வந்து நின்றாள். இன்று வகுப்புக்குப் போகவில்லையா என்று கேட்டாள். இல்லை என்றேன்.

"வண்டி ஓட்டக் கத்துக்க வயசு ஏதாச்சும் இருக்குதா கயலு?"

பதினெட்டு ஆகியிருந்தால் போதும் என்றேன். அது அவள் கேட்டதற்குப் பதில் இல்லை என்று சொன்ன பிறகுதான் புரிந்தது.

"அப்ப ஆயிடுச்சி" என்றாள். "உங்கப்பாகிட்ட இப்ப சொல்லாத. அவுரு காலம்பூரா முன்னால உக்காந்து சொல்லிக்கினே வருவாரு. நல்லாத்தான் இருந்திச்சி. ஆனா எனக்கு நானே பாக்கணும்."

எந்த வண்டி என்று கேட்டேன். அம்மா சிரித்தாள். அதை ஓட்டிப் பார்த்துவிட்டுச் சொல்வதாகச் சொன்னாள். வெள்ளிக்குள் முடியுமா என்று தெரியவில்லை. அப்பா அதற்குமுன் கறுப்பு வண்டிக்குக் கைகொடுத்துவிட்டால் என்ன செய்வது என்றும் தெரியவில்லை.

நாளை புதன். இந்த முறை காலண்டரை இரண்டு தடவை பார்த்துவிட்டேன். அப்பா ஐஸ் கம்பெனிக்குக் கிளம்பியதும் அம்மாவை மஞ்சக்குப்பத்தில் டிரைவிங் ஸ்கூலுக்கு அழைத்துப்போய் எல்.எல்.ஆருக்குப் பதிய வேண்டும். அம்மாவின் ஆதாரும் போட்டோவும் எடுத்து வைக்க வேண்டும். பஸ்ஸில்தான் போகவேண்டும், முன்சீட்டைப் பிடித்து, நான் மேடு பள்ளம் சொல்லிக்கொண்டு போக வேண்டும்.